பக்கத்து வீட்டைக் கேட்டீங்களா?

1

இத்தாலிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம் முடிந்தது. வந்த முதல் நாள் 'சி' என்று எழுதியிருந்த குழாயைப் பச்சைத் தண்ணி என்று நினைத்துத் திருகிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இங்கே அந்த எழுத்துக்குச் சூடு என்று அர்த்தம். இன்றைக்கும் புது இடத்துக்குப் போனால் குழாயை முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும், பரவாயில்லை.

வடக்கு இத்தாலியில் மலை அடிவாரத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊர் முழுக்கத் தோல் தொழில்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன், இங்கேயும் தோலுக்குச் சாயம் அடிக்கிறேன். "இதுக்கு ஆம்பூர்லயே இருந்திருக்கலாமே" என்று என் மனைவி பத்மா வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அப்புறம் அவளே சம்பளத் தேதி வந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிடுவாள்.

பதினெட்டு வருஷம் ஆனதற்கு பத்மா கேசரி கிளறினாள். எங்கள் ஒரே மகள் இனியா அதை போட்டோ பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஸ்பூன் மட்டும் சாப்பிட்டாள். அடுத்த மாதம் அவள் பொலோன்யாவுக்குப் படிக்கப் போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் இத்தாலியன்தான். இவள் என்னைத் திட்டுகிறாளா, பொதுவாகத் திட்டுகிறாளா என்று புரிவதற்குள் சண்டையே முடிந்துவிடும்.

கேசரித் தட்டு கையில் இருக்கும்போதே தன்ராஜ் அனுப்பிய குரல் பதிவு வந்தது.

"சார், வணக்கம் சார். நீங்க சொல்லி வெச்சீங்களே, அந்த வாத்தியார் வூடு, அது இப்ப சேல்ஸுக்கு வந்துச்சு சார்."

பத்மா கரண்டியை அப்படியே கேசரியில் நட்டுவிட்டு வந்து, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள்.

2

தன்ராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனும் நானும் ஆம்பூரில் ஒரே பெஞ்சு. அவன் வீட்டு புரோக்கர் ஆகி, நான் வீடு வாங்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து, எனக்கு 'சார்' பட்டம் கிடைத்துவிட்டது. "டேய், பேர் சொல்லிக் கூப்பிடுடா" என்று சொல்லிப் பார்த்தேன். "தொழில்னு வந்துட்டா மரியாதை முக்கியம் சார்" என்கிறான்.

அவனுக்கு உலகத்தில் மனுஷர்களே கிடையாது, பார்ட்டிகள்தான். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவனிடம் "யாருடா நம்ம பக்கம் இப்ப வீடு வாங்கறாங்க?" என்று கேட்டுவிட்டேன். பதில் மூன்று குரல் பதிவுகளாக வந்தது. பத்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வேலூர் ஆஸ்பத்திரி பார்ட்டி இருக்குதே சார், அதுக்கு டூட்டி முடிஞ்சா பத்து நிமிஷத்துல வூட்டுக்குப் போவணும். ஷேர் ஆட்டோ நிக்கற இடத்தைக் காட்டிட்டா பாதி பேரம் முடிஞ்சுது. ஜோலார்பேட்டை ரயில்வே பார்ட்டி, சர்வீஸ் பூரா குவார்ட்டர்ஸ்ல இருந்துட்டு, ரிடையர் ஆவறதுக்கு ஒரு வருஷம் இருக்கச்சொல்லதான் முழிச்சுக்கும். அவசரம் ஜாஸ்தி, பேரம் கம்மி. நல்ல பார்ட்டி சார். ராணிப்பேட்டை பார்ட்டி வூட்டைப் பாக்காது, தண்ணியைத்தான் பாக்கும். கையோட பாட்டில் எடுத்துட்டு வந்து, போர் தண்ணியைப் புடிச்சுட்டுப் போயி, அதுல பருப்பு வேவுதான்னு பாத்துட்டு அப்புறம்தான் போன் பண்ணும். நம்ம ஊரு பாய்ங்க வியாபாரப் பார்ட்டி, மசூதி கிட்ட இருக்கணும், பொம்பளைங்களுக்குப் பின்னால தனி வழி இருக்கணும். வாய் வார்த்தை குடுத்தா மாறாது. ஷூ கம்பெனி பார்ட்டி புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறது. கம்பெனி பஸ் நிக்கற இடம் வேணும், பேங்க் லோன் வேணும். லோன்னு வந்தாலே பேஜார் சார். இன்ஜினியர் வருவான், வக்கீல் வருவாரு, மூலப் பத்திரம் எங்கன்னு கேப்பாரு, வில்லங்கம் போடுன்னுவாரு. ஆறப்போட்டு ஆறப்போட்டு அடிப்பாங்க."

"அப்ப நாங்க?" என்று கேட்டிருந்தேன்.

"வெளிநாட்டுப் பார்ட்டியா? அதை மாதிரி வருமா சார். தண்ணி கேக்காது, பஸ் கேக்காது, அக்கம்பக்கம் கேக்காது. மொட்டை மாடி இருக்கான்னு ஒண்ணு மட்டும் கேக்கும். வீடியோவைப் பாத்தே ஓகே சொல்லிடும்."

அப்போது நாங்கள் சிரித்தோம். சிரிக்கிற விஷயம் இல்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

3

அந்த வாத்தியார் வீடு ஆம்பூரில் பஜாருக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் இருக்கிறது. கல்யாணம் ஆனதும் நாங்கள் அங்கேதான் வாடகைக்குக் குடி போனோம். வாத்தியார் தவறிவிட்டார். மகன் ரமேஷ் சென்னையில் வேலை பார்க்கிறார், அவர்தான் இப்போது விற்கிறார்.

நான் இத்தாலிக்குக் கிளம்பும்போது இனியாவுக்கு ஒரு வயது. பத்மாவும் குழந்தையும் மூன்று வருஷம் அந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். அந்த மூன்று வருஷக் கதை எனக்கு முழுசாகத் தெரியாது. போனில் எல்லாம் 'நல்லா இருக்கோம்' தான். துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எல்லாத் துண்டிலும் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்து வீட்டு நஸ்ரீன் ஆபா.

ஆபா என்றால் அக்கா. ஷூ கம்பெனியில் செக்கிங்கில் வேலை. கணவர் இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது, மகன் அஸ்லமும் இப்போது வேலைக்குப் போகிறான். இனியாவின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாமலே விட்டுப்போயிருந்தது. அது இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. பத்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோது ஆபா லீவு போட்டுக்கொண்டு கூடவே போனார். அங்கே ஒரு கிளார்க் 'நாளைக்கு வாங்க' என்று நாலாவது தடவை சொன்னதும், பெஞ்சில் உட்கார்ந்து, "நாளைக்கு வர்றதுக்கு நாங்க இன்னிக்குப் போனாதானே, இங்கயே இருக்கோம்" என்றாராம். சாயங்காலம் பெயர் ஏறிவிட்டது.

இந்தப் பக்கம் நான் பட்ட பாடு வேறு. குடும்பத்தைக் கூட்டிவர வேண்டுமென்றால் வீடு தகுதியானது என்று நகராட்சியில் சான்று வாங்க வேண்டும். ஒரு ஆள் டேப்போடு வந்து என் வாடகை வீட்டை அளந்தார். தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று சட்டம். முதல் வீட்டில் கூடம் இரண்டு சாண் குறைந்தது, சான்று இல்லை என்றுவிட்டார். அந்த இரண்டு சாணுக்காகப் பத்மாவின் வருகை எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆளை நான் என்னென்ன திட்டியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாதது என் புண்ணியம்.

பத்மா ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரிடையர் ஆன மாதமே சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த குடும்பம். அவள் வாழ்க்கையில் இதுவரை சொந்த வீடு என்று ஒன்று இருந்ததில்லை. இங்கே பாங்கில் கடன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கினோம், உண்மைதான். நோட்டரி ஒரு மணி நேரம் பத்திரத்தைச் சத்தமாக வாசித்தார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பத்மா அதைச் சொந்த வீடாகவே சேர்ப்பதில்லை. "மூணாவது மாடியில ஒரு டப்பா. அந்த வாத்தியார் வூட்டு கிச்சன்ல நின்னா வெளிச்சம் மாவு பாத்திரத்துல வந்து வுழும்" என்பாள். வாங்கினால் அந்த வீடு, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்பதில் இத்தனை வருஷமாக உறுதியாக இருந்தாள்.

4

தன்ராஜ் வீடியோ அனுப்பினான். பத்மா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. "சுவத்துல நான் அடிச்ச பச்சை பெயின்ட் இன்னும் இருக்குது பாருங்க" என்று டிவியில் பெரிசாகப் போட்டுக் காட்டினாள். விலை பேசி முடிந்தது. வரும் திங்கட்கிழமை அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொன்னேன். பவர் பத்திரத்துக்காக மிலானில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரமும் வாங்கிவிட்டேன். வீடியோவில் ஓகே சொல்கிற வெளிநாட்டுப் பார்ட்டி வேலையை அச்சு அசலாகச் செய்தேன்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஆபாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம், வேலை முடிந்து வந்திருந்தார்.

"ஆபா, ஒரு நல்ல சேதி. நாங்க மறுபடியும் உங்க பக்கத்து வூட்டுக்கு வர்றோம். வாத்தியார் வூட்டை நாங்கதான் வாங்கறோம்!"

அந்தப் பக்கம் யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ். ரொம்ப சந்தோஷம் குமரேசா. பத்மாவுக்குக் கை நீட்டினா எட்டற தூரத்துல நான் இருப்பேன். வேற யாரோ வர்றதுக்கு நீங்க வர்றது எவ்ளோ நல்லது."

"அஸ்லம் எப்படி இருக்கான்? பொண்ணு பாத்தாச்சுன்னு சொன்னீங்களே, கல்யாணம் எப்ப?"

"பாத்தாச்சு. வாணியம்பாடிப் பொண்ணு. நல்ல பொண்ணு, ஒரு வருஷமா காத்துட்டு இருக்குது. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கோம். ரெண்டு ரூம்ல ஏழு பேரு இருக்கோம், வர்ற பொண்ணை எங்க படுக்க வைக்கறது? இடம் ஒண்ணு பாத்தோம், அது தோதுப்படல. அல்லா வேற வழி காட்டுவான். நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். மறுபடி மூடினேன். இடம் ஒண்ணு பாத்தோம் என்றாரே, எந்த இடம்?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீடு விற்கிறவர் வெளியாளிடம் விலை பேசுவதற்கு முன்னால், சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்கு நேரில் போய், "விக்கறேன், உங்களுக்கு வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முஸ்லிம் வீடுகளில் இதைப் பக்கத்து வீட்டுக்காரருடைய ஹக்கு, உரிமை என்பார்கள். எங்கள் ஆட்கள் மரியாதை என்பார்கள். பெயர் எதுவானாலும் தெரு முழுக்க எல்லோரும் செய்தார்கள். கேட்கப்பட்டவர் டீ போட்டுக் கொடுத்து, "எங்களுக்கு வேணாம், நல்லவங்களாப் பாத்துக் குடுங்க" என்பார். வேணாம் என்பதுதான் அங்கே மரியாதை. வேணும் என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காமல் விற்றவரைப் பற்றித்தான் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

இது தெரிந்து வளர்ந்தவன் நான். தன்ராஜிடம் மொட்டை மாடி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன், பக்கத்து வீட்டைக் கேட்டாச்சா என்று கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

5

"தன்ராஜ், நஸ்ரீன் ஆபாவைக் கேட்டாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு சார் இப்போ…"

"டேய், சார் மோரெல்லாம் அப்புறம். கேட்டாங்களா இல்லையா?"

தன்ராஜ் பெருமூச்சு விட்டது இத்தாலி வரைக்கும் கேட்டது. சார் மறைந்து பழைய பெஞ்சுத் தோஸ்த் வந்தான்.

"கேக்கலடா. அந்தம்மாவே என்கிட்ட ரெண்டு வாட்டி வந்து சொல்லுச்சு. அந்த வூடு வந்தா சொல்லு, நடுச் சுவத்துல ஒரு கதவு வெச்சா பையனுக்குக் கல்யாணம் பண்ணிடலாம்னு. அம்மா, புள்ள ரெண்டு பேரு சம்பளத்தையும் காட்டி பேங்க்ல பேசிக்கூட வெச்சிருக்குது. ஆனா லோன் பார்ட்டிடா அது. மூணு மாசம் ஆவும். ஓனரு பின்வாங்கிட்டா என் கமிஷன் இன்னா ஆவறது? நீ ரெடி பார்ட்டி. அதான் ஓனர்கிட்ட, பக்கத்து வூட்ல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி!"

"நீ வாங்கினா அந்தம்மாவும் சந்தோஷப்படும்னு நெனச்சேன்டா. உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தாதே அது."

திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆபா சந்தோஷம் என்று சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் கஷ்டப்படுத்தியது.

ரமேஷுக்குப் போன் போட்டேன். விவரம் கேட்டுப் பதறிவிட்டார். "எங்க அப்பா இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார் சார். லோன் மூணு மாசம் ஆனா ஆகட்டும், எனக்கு அவசரம் இல்லை. ஆனா உங்களுக்கு வார்த்தை குடுத்துட்டேன். நீங்க வேணும்னா வீடு உங்களுக்குத்தான். நீங்க விட்டுக் குடுத்தா, ஞாயித்துக்கிழமை நானே நேர்ல போய் ஆபாவைக் கேக்கறேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

6

சாயங்காலம் வந்து பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிவியில் நிறுத்தி வைத்திருந்த வீடியோவை அணைத்தாள்.  துணி மடித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல, நீ யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாம சொல்றதுதான் உங்களுக்குக் கை வந்த கலையாச்சே" என்று வெடித்தாள். "பதினெட்டு வருஷத்துல உங்ககிட்ட நகை கேட்டேனா? கார் கேட்டேனா? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதுவும் எங்க போய் நிக்குது பாருங்க! வேற யாரா இருந்தாலும் சண்டை போட்டு வாங்கிடுவேன். போயும் போயும் ஆபாவா?"

 அவள் அழுதால் நான் சமாதானம் சொல்வேன். கோபப்பட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் இனியா பொலோன்யாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "வாங்கினா அங்க யாருப்பா இருப்பாங்க?" என்றாள்.

"நாங்க இருப்போம். ரிடையர் ஆனப்புறம்."

"அதுக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்கே. அதுவரைக்கும்?"

"பூட்டி வெப்போம். நீ லீவுக்கு வருவ."

"வருவேன்" என்றாள், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல். அப்புறம், "அம்மாவை உள்ள விடறதுக்கு இங்க வந்து டேப் வெச்சு அளந்தாங்கன்னு சொல்லுவீங்க இல்ல? ஆபா வீட்டுல அந்தச் சட்டப்படி எத்தனை பேர் இருக்கலாம்?" என்று கேட்டாள்.

எனக்கு இரண்டு ரூமும் அத்துப்படி. மனசுக்குள் அளந்தேன். "மூணு" என்றேன்.

"எட்டாவதா ஒருத்தி வரணும்" என்றாள் இனியா. ஊரைவிட்டுத் தூரமாகப் போய்விட்டாள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பெண். ஆபாவின் தோளில் தூங்கியது அவளுக்கு நினைவிருக்க வழியில்லை, நாலு வயசில் கிளம்பியவள். ஆனாலும் கணக்கு அவள்தான் சரியாகப் போட்டாள். அடுப்படியில் பத்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது பத்மாவே சொன்னாள்.

"ரமேஷ்கிட்ட நமக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"திரும்பத் திரும்பக் கேக்காதீங்க, மனசு மாறிடப்போவுது. ஆனா அதோட முடியல. தனக்காகத்தான் விட்டுக் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சா ஆபா இன்னா பண்ணும்? ஞாயித்துக்கிழமை ரமேஷ் போய்க் கேட்டா, வேணாம், குமரேசனுக்கே குடுங்கன்னு டீ குடுத்து அனுப்பிடும். எனக்குத் தெரியாதா அதை? நமக்கு வூடு பிடிக்கலன்னு அது நம்பணும். நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க, உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

"உனக்கு மட்டும் வருமா?"

"முதல்ல உங்களுக்கு, அப்புறம் ஊருக்குன்னு பதினெட்டு வருஷமா போன்ல நல்லா இருக்கோம்னு சொன்னவ நான்" என்றாள்.

7

சனிக்கிழமை காலை. ஊரில் மத்தியானம். வீடியோவில் ஆபா வந்தார். தலைமுடி நிறைய வெளுத்துவிட்டது. பின்னால் யாரோ பீரோவைத் திறந்தால் இன்னொருவர் கட்டிலில் கால் தூக்கி உட்கார வேண்டியிருந்தது. பத்மா பக்கத்தில் நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தது. பத்மா தொண்டையைச் செருமினாள்.

"ஆபா, அந்த வூடு நாங்க வாங்கல. ரமேஷ்கிட்ட சொல்லியாச்சு."

"ஏன்? இன்னா ஆச்சு?"

"எனக்குப் பிடிக்கல. கிச்சன் ரொம்பச் சின்னது. இங்க பெரிய கிச்சன்ல பழகிட்டேனா, அதுல எனக்குக் கை கால் ஆடாது."

ஆபாவுக்கு முகம் மாறியது. வாத்தியார் வீட்டைக் குறை சொன்னதில் அவருக்கே ரோஷம் வந்துவிட்டது போலிருந்தது.

"சின்னதா? அந்த கிச்சன்லதான் நீ எங்க வூட்டுக்கும் சேத்து ஒத்தையா நின்னு இட்லி ஊத்துவ. ஈத் அன்னிக்கு எங்க பிரியாணி தேக்ஸா பாதி அங்கதான் இருக்கும். சின்னதாமே!"

"அப்ப சின்ன வயசு ஆபா. அப்புறம் தண்ணியும் சரியில்லையாம். பருப்பு வேவாதாம்."

"உங்க போரும் எங்க போரும் பத்தடி தூரம். நேத்துகூட எங்க வூட்ல சாம்பார்தான்."

நான் பத்மாவின் முழங்காலைத் தட்டினேன், போதும் விடு என்று. அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வெயில் ஆபா. எனக்கு இப்பல்லாம் வெயிலே ஆவறதில்ல. ஆம்பூர் வெயில்ல என்னால இருக்க முடியாது. நாங்க இங்கயே இருந்துடறோம்."

 அதற்கு மேல் பொய் ஸ்டாக் இல்லை. திரையைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பிராண்டிக்கொண்டிருந்தாள்.  ஆபா பின்னால் இருந்தவர்களைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். அவ்வளவு காலியாக அந்த ரூமை நான் பார்த்ததே இல்லை.

"பத்மா. இங்க பாரு."

பத்மா நிமிர்ந்தாள்.

"நீ பொய் சொல்ற."

"இல்ல ஆபா."

"அந்த வூட்டை விட்டுக் கிளம்பறப்ப கிச்சன் கதவைப் புடிச்சுக்கிட்டு நீ அழுதது எனக்குத் தெரியும். ஏன் வாங்கலன்னும் தெரியும், நேத்தே தன்ராஜ் வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போனான். நாளைக்கு ரமேஷ் வந்து என்னைக் கேக்கப்போறான். கேட்டா நான் வேணாம்னு சொல்லணும். அதான் முறை. அதுவும் நீ ஆசைப்பட்ட வூடு, நான் வாயைத் தொறக்கவே கூடாது. ராத்திரி பூரா அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா சொல்ல முடியாது போலிருக்குது பத்மா. அஸ்லம் ஒரு வருஷமா எதிரே உக்காந்து சாப்புடறான், வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டேங்கறான். அதைப் பாத்துட்டு எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வராது. இது தப்புதான். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி. எனக்கு அந்த வூடு வேணும்."

பத்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, செல்லைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஆபாவை அவள் அதட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அதட்டினாள்.

"நாளைக்கும் இதையேதான் சொல்லணும். அவரு முன்னால மென்னு முழுங்கக் கூடாது. உங்களுக்குப் பழக்கமில்ல, மறந்துடுவீங்க. எங்க, எனக்குக் கேக்கற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"வேணும்" என்றார் ஆபா.